என் நோட்டில் 1954-ஆம் ஆண்டின் பக்கம்

என் பெரியப்பா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கடல் கடந்து பணியாற்றி, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய தமிழர்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர்வீரர் நினைவிடத்தில் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நிற்கும் முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்பது தெரியும். பெரியப்பா இந்தோசீனாவில், அதாவது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வியட்நாம் பக்கத்தில், சில ஆண்டுகள் இருந்தவர். ஆகையால் சைகோன் என்ற பெயர் எங்கள் வீட்டில் கடலூர், விழுப்புரம் என்பதைப்போலப் பக்கத்து ஊராகவே புழங்கியது.

1980களின் கடைசியில் ஒரு கல்யாணத்துக்கு முந்தைய இரவு, வந்திருந்த உறவினர்கள் பொழுதுபோக்குவதற்காக முத்தியால்பேட்டை வீட்டுக் கூடத்தில் வீடியோ டெக்கும் வண்ணத் தொலைக்காட்சியும் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டு தமிழ்ப் படங்கள் ஓடி முடிந்து, பாதிப் பேர் பாயில் சாய்ந்துவிட்ட பிறகு, மூன்றாவதாக ஓர் ஆங்கிலப் போர்ப்படத்தைப் போட்டார்கள். ஜான் வெய்ன் நடித்து, இயக்கத்திலும் பங்கேற்ற 'த கிரீன் பெரேஸ்' அது. வியட்நாம் கதை என்றதும் பெரியப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசி வரை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். இறுதிக் காட்சியில் அமெரிக்கப் படைத்தலைவர் ஒரு வியட்நாமியச் சிறுவனுடன் கடற்கரையில் நடந்து செல்ல, அவர்களுக்கு எதிரே சூரியன் கடலுக்குள் இறங்கியது.

"அங்கேயும் நம்ம ஊரு மாதிரிதாம்மா, பொழுது கடல்லேருந்துதான் கிளம்பும். இவன் என்னடான்னா கடலுக்குள்ள இறக்கிவிடுறான்" என்றார் பெரியப்பா.

எல்லாரும் சிரித்தோம். தென்சீனக் கடல் வியட்நாமுக்குக் கிழக்கே இருக்கிறது என்பதைக் காட்டி அந்தப் பிழையைத் திரைப்பட ஆர்வலர்கள் பல காலமாகக் கேலி செய்துவருகிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. விடியற்காலையில் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்து பழகிய ஊர்க்காரர்களுக்கு அதைக் கண்டுபிடிக்க நிலப்படம் தேவைப்படவில்லை.

நான் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். அந்தப் படத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோதுதான் அது வியட்நாமில் எடுத்த படமே அல்ல என்பது தெரிந்தது. படத்தின் பெரும்பகுதி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு படைத்தளத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது. ஜான் வெய்ன் 1965-ஆம் ஆண்டின் இறுதியில் குடியரசுத் தலைவர் ஜான்சனுக்கே கடிதம் எழுதி ஆதரவு கேட்டிருக்கிறார்; பாதுகாப்புத் துறையும் ஆளும் கருவியும் தந்து உதவியிருக்கிறது. படம் வெளிவந்தது 1968-இல். அந்த ஆண்டு ஜனவரியில்தான் தெற்கு வியட்நாமின் நகரங்கள் எங்கும் கம்யூனிஸ்ட் படைகளின் டெட் தாக்குதல் நடந்து, போர் முடியப்போகிறது என்று அரசு சொல்லிவந்ததை அமெரிக்க மக்கள் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். மார்ச் மாதத்தில் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் ஆயுதமற்ற ஊர்மக்களைக் கொன்றார்கள். அது வெளியே தெரிய 1969 நவம்பர் ஆயிற்று. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வியட்நாம் போரைக் கற்க முடியாது. ஆனால் 1968-இல் அமெரிக்கர்களில் ஒரு பகுதியினர் அந்தப் போரைப் பற்றி எதை நம்ப விரும்பினார்கள் என்பதை அதைவிட நன்றாகக் காட்டும் பொருள் வேறொன்று கிடைப்பது அரிது.

இதை ஒரு முறையாக நான் கைக்கொண்டது என் தம்பி மகளால். அவள் குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாளில் உலக வரலாறும் வருகிறது. பயிற்சி மையத்துக் குறிப்புகளைப் படித்துப் படித்து அவளுக்கு அமெரிக்கா என்றாலே பெருமந்தம், பனிப்போர், கியூபா ஏவுகணை நெருக்கடி, வாட்டர்கேட் என்று தலைப்புகள் வரிசையாக நின்றனவே தவிர, எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. சனிக்கிழமை இரவுகளில் படம் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம். பக்கத்தின் உச்சியில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் கதை நடக்கும் ஆண்டு, மற்றதில் படம் எடுக்கப்பட்ட ஆண்டு. அந்த இரண்டு எண்களையும் எழுதாமல் படத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது.

முதலில் இது அவளுக்கு வாத்தியாரம்மாவின் பழக்கதோஷமாகத்தான் பட்டது. 'த கிரேப்ஸ் ஆஃப் ராத்' பார்த்த அன்று கொஞ்சம் பிடிபட்டது. கதை 1930களின் பெருமந்தக் காலம், படம் 1940. இடையில் தூரமே இல்லை. ஓக்லஹோமாவின் மண் காற்றில் பறந்து, பயிர் பொய்த்து, குத்தகை நிலத்தை இழந்து, பழைய லாரியில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போன குடும்பங்கள் அந்தப் படம் திரையிடப்பட்டபோதும் அங்கே முகாம்களில்தான் இருந்தார்கள். ஆகையால் அதில் வரும் ஆடைகளையும் லாரிகளையும் யாரும் அருங்காட்சியகத்தில் தேடி எடுத்திருக்க மாட்டார்கள். வெளியே தெருவில் கிடந்திருக்கும்.

அதில் ஒரு காட்சி. வீட்டை இடிக்க வந்தவனைப் பார்த்து, யாரைச் சுடுவது என்று துப்பாக்கியோடு குடியானவன் கேட்கிறான். நிலம் கம்பெனியுடையது, கம்பெனிக்கு உத்தரவு வங்கியிடமிருந்து, வங்கிக்கு உத்தரவு இன்னும் எங்கிருந்தோ என்று பதில் நீண்டுகொண்டே போகிறது. சுடத்தக்க ஆள் எவனும் அகப்படவில்லை. பெருமந்தத்தில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை என்ற புள்ளிவிவரத்தை நான் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தக் காட்சி புரியவைத்ததை அந்த எண் ஒருநாளும் புரியவைத்ததில்லை. என் அம்மா வீடு பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு அங்கே போனபோது, வேரோடு சாய்ந்து கிடந்த முந்திரித் தோப்பின் நடுவே என் மாமா, யாரிடம் போய்க் கேட்பது என்று கேட்டுக்கொண்டு நின்றது இந்த இடத்தில் நினைவுக்கு வந்தது. ஆனால் இந்தப் படத்துக்கு மூலமான ஸ்டைன்பெக்கின் நாவலை அறிந்தவர்களுக்குத் தெரியும்: நாவலின் முடிவு இருண்டது. படத்தில் அரசு நடத்தும் நல்ல முகாமைக் கதையின் பிற்பகுதிக்கு நகர்த்தி, தாயின் நம்பிக்கைப் பேச்சோடு முடித்திருக்கிறார்கள். 1940-இல் திரையரங்கை விட்டு வெளியேறிய கூட்டத்துக்கு எதைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று ஸ்டூடியோ கருதியது என்பதும் வரலாற்றில் சேர்த்திதான்.

கறுப்பின மக்களின் சிவில் உரிமை இயக்கத்தைப் பற்றிய படங்களிடம்தான் நாங்கள் அதிகம் பட்டோம், அதிகம் கற்றோம். முதலில் பார்த்தது 'மிசிசிப்பி பர்னிங்'. கதை 1964, படம் 1988. அந்த ஆண்டு ஜூன் 21 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் வாக்காளர் பதிவுப் பணிக்காக வந்திருந்த சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டதும், ஆகஸ்ட் 4 அன்று அவர்களுடைய உடல்கள் ஒரு மண் அணைக்கட்டுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டதும் நடந்தவை. படம் விறுவிறுப்பானது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதில் வீரர்கள் யார் என்றால் இரண்டு வெள்ளைக்கார எஃப்.பி.ஐ. அதிகாரிகள், ஊரின் கறுப்பின மக்களோ அடி வாங்குவதற்கும் அழுவதற்கும் பாடுவதற்கும் மட்டும் திரையில் வருகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் அப்போதே இதைக் கண்டித்தார். அதே 1964-இல் அதே எஃப்.பி.ஐ., ஹூவரின் தலைமையில், கிங்கின் அறைகளில் ஒட்டுக்கேட்கும் கருவிகளைப் பொருத்திக்கொண்டிருந்தது என்பதற்கு அந்தப் படத்தில் இடமே இல்லை.

அதற்கு மறுப்புரைபோல வந்தது 2014-இல் எடுக்கப்பட்ட 'செல்மா'. ஏவா டுவெர்னே இயக்கியது. கதை 1965. அலபாமாவில் செல்மா நகரத்து எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில், மார்ச் 7 அன்று, வாக்குரிமை கேட்டு நடந்த ஏறத்தாழ 600 பேரை மாநிலக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கியதே அதன் நடு. ஆனால் என் தம்பி மகளைப் பிடித்து உலுக்கியது பாலம் அல்ல. படத்தின் தொடக்கத்தில் வரும் ஓர் அலுவலக மேசை. வாக்காளராகப் பதிய வந்த நடுத்தர வயதுப் பெண்ணிடம் அரசமைப்பின் முகவுரையைச் சொல்லச் சொல்கிறான் எழுத்தர், சொல்கிறாள். அலபாமாவில் எத்தனை மாவட்ட நீதிபதிகள் என்கிறான், 67 என்கிறாள். அவர்கள் அனைவரின் பெயரையும் சொல் என்கிறான். பிறகு விண்ணப்பத்தில் சிவப்பு முத்திரை விழுகிறது. கை ஓங்காமலே ஒருவரை எப்படி அடித்துத் துரத்தலாம் என்பதற்கு அந்த ஒன்றரை நிமிடம் போதும். அலுவலகங்களில் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்று திரும்பிய அனுபவம் உள்ள எவருக்கும் அந்த எழுத்தரின் குரல் பழக்கமானதாகவே இருக்கும்.

இந்தப் படத்தில்தான் ஒரு சறுக்கலும் நேர்ந்தது. கிங்காக நடித்தவர் சவப்பெட்டியின் முன் நின்று ஆற்றும் இரங்கலுரை அவளுக்கு மிகவும் பிடித்துப்போய், திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதிலிருந்து நான்கு வரிகளை எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் ஒரு பயிற்சிக் கட்டுரையில், மேற்கோள் குறிக்குள், கிங்கின் சொற்களாகவே அவற்றைப் போட்டிருந்தாள். எனக்கும் சந்தேகம் எழவில்லை. தமிழ் திருத்தம் செய்து கொடுத்தேன். மூல உரையை முழுதாகப் படிக்கலாம் என்று தேடியபோதுதான் உண்மை தெரிந்தது: கிங்கின் உரைகளைத் திரைப்படத்தில் பயன்படுத்தும் உரிமை ஏற்கெனவே வேறொரு தயாரிப்பு நிறுவனத்திடம் போயிருந்ததால், படத்தில் வரும் உரைகள் எல்லாம் இயக்குநரே புதிதாக எழுதியவை. கிங்கின் நடையும் மூச்சும் இருக்கும். கிங்கின் சொற்கள் இருக்காது. அவள் கட்டுரையை வாங்கி அந்த நான்கு வரிகளை அடித்தபோது எனக்குத்தான் கை கூசியது. முப்பது வருடம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியவள், கிங்குக்கும் கிங்கைப்போலப் பேசியவருக்கும் வேறுபாடு காணத் தவறினேன்.

குடியரசுத் தலைவர் ஜான்சனை அந்தப் படம் ஒரு தடைக்கல்லாகக் காட்டியது குறித்து அமெரிக்காவில் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஜான்சனின் தொலைபேசி உரையாடல்கள் பதிவுசெய்யப்பட்டிருப்பதால் இதைச் சரிபார்க்கவும் முடிகிறது. 1965 ஜனவரி 15 அன்று அவர் கிங்கிடம், வாக்குரிமை மறுக்கப்படுவதற்கு மிக மோசமான உதாரணம் ஒன்றைத் தேடிப்பிடித்து மக்கள் முன் கொண்டுவாருங்கள் என்று தாமே வற்புறுத்துகிறார். சட்டத்துக்கான காலத்தைப் பற்றித்தான் இருவருக்கும் இழுபறி. சட்டமே கூடாது என்பதில் அல்ல. வெள்ளையர் ஒருவர் வந்து காப்பாற்றும் கதையை எடுக்கத் தமக்கு விருப்பம் இல்லை என்று இயக்குநர் பதில் சொன்னார். 'மிசிசிப்பி பர்னிங்' பார்த்த பிறகு அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒலிப்பதிவைக் கேட்ட காதுக்குப் படத்து ஜான்சன் சரியாகப்படவில்லை.

இனி அந்த இரண்டாவது கட்டத்துக்கு, படம் எடுக்கப்பட்ட ஆண்டுக்கு, வருகிறேன். செல்மா ஊர்வலங்களின் பயனாக 1965 ஆகஸ்ட் 6 அன்று கையொப்பமான வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பான ஒரு பிரிவை, 2013 ஜூனில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்த ஷெல்பி மாவட்டமும் அலபாமாவில்தான் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில் ஒரு கறுப்பின இளைஞர் காவலரால் சுடப்பட்டு, தெருக்களில் போராட்டம் வெடித்தது. படம் திரைக்கு வந்தது அந்த டிசம்பரில். இவற்றை எழுதிவைத்த பிறகு, அந்தப் பதிவு அலுவலக மேசையைப் படத்தின் தொடக்கத்திலேயே ஏன் வைத்தார்கள் என்று அவளிடம் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

செல்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். அந்த மார்ச் 7 ஞாயிற்றுக்கிழமை இரவு ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1961-இல் எடுக்கப்பட்ட 'ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பர்க்' ஓடிக்கொண்டிருந்தது. நாஜி ஆட்சியில் அநீதிக்குத் துணைபோன நீதிபதிகளை விசாரிக்கும் படம். அதைப் பாதியில் நிறுத்திவிட்டுத்தான் பாலத்தின் காட்சிகளை ஒளிபரப்பினார்கள். வேறு நாட்டின் குற்றத்தைச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த வீடுகளுக்குள் சொந்த நாட்டின் தடியடி வந்து விழுந்தது. எந்தத் திரைக்கதை ஆசிரியராவது இதை எழுதியிருந்தால் மிகை என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

'ஹிட்டன் ஃபிகர்ஸ்' விஷயத்தில் என் தவறு இன்னும் பழையது. பணியில் இருந்தபோது, நாசாவில் கணக்கிட்ட கறுப்பினப் பெண்களின் கதையை வகுப்பில் சொல்லி, மேலதிகாரி கழிப்பறைப் பலகையை இரும்புத் தடியால் அடித்து உடைக்கும் காட்சியைக் கண்ணில் நீர் வர வருணித்தேன். பிறகு படித்தால், அந்த மேலதிகாரியே பலரைச் சேர்த்து உருவாக்கிய கற்பனைப் பாத்திரம். கேத்தரின் ஜான்சன் யாருடைய தயவுக்கும் காத்திராமல், பலகை எதுவும் இல்லாத அருகிலிருந்த கழிப்பறையைத் தாமாகவே பயன்படுத்திவந்திருக்கிறார். கதை நடப்பதாகக் காட்டும் 1961-க்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கறுப்பினப் பெண்களுக்கென்றிருந்த தனிக் கணக்கீட்டுப் பிரிவு கலைக்கப்பட்டுவிட்டது. மறுவாரம் வகுப்பில் திருத்திச் சொன்னேன். உண்மைக் கதைதான் அவருக்கு அதிக மரியாதை செய்கிறது என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி சொன்னாள். பலகையை உடைத்த காட்சியைவிட அந்தப் பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

விண்வெளியைப் பற்றிய 'அப்பல்லோ 13', கியூபா நெருக்கடியைப் பற்றிய 'தர்ட்டீன் டேஸ்' இரண்டும் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் பயன்படும்; அதிகம் சொல்ல இல்லை. இரண்டாவதில் கெவின் காஸ்ட்னர் நடித்த உதவியாளர் பாத்திரத்தின் பங்கு மிக ஊதிப் பெருக்கப்பட்டது என்பதையும், அக்டோபர் 27 அன்று அணு ஆயுதக் கணையை ஏவச் சம்மதிக்க மறுத்த சோவியத் நீர்மூழ்கி அதிகாரி அர்கிப்போவ் படத்தில் இல்லவே இல்லை என்பதையும் குறித்துக்கொண்டால் போதும்.

'ஆல் த பிரெசிடென்ட்ஸ் மென்' வேறு ரகம். வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஆட்கள் பிடிபட்டது 1972 ஜூன் 17, குடியரசுத் தலைவர் நிக்சன் பதவி விலகியது 1974 ஆகஸ்ட் 9, படம் 1976. காயம் ஆறவில்லை, தழும்புகூட விழவில்லை. கதவுப் பூட்டில் ஒட்டப்பட்டிருந்த நாடாவைக் கண்டு காவல்துறையைக் கூப்பிட்ட காவலாளி ஃபிராங்க் வில்ஸ், படத்தில் தம் வேடத்தில் தாமே நடித்திருக்கிறார். பத்திரிகையாளருக்கு இருட்டில் தகவல் தரும் மனிதர் யார் என்பது அன்று படம் பார்த்த எவருக்கும் தெரியாது, எஃப்.பி.ஐ.யின் மூத்த அதிகாரி மார்க் ஃபெல்ட் என்பது 2005-இல்தான் வெளியாயிற்று. பணத்தின் தடத்தைப் பின்தொடருங்கள் என்று அவர் சொல்வதாக இன்று உலகமே மேற்கோள் காட்டும் வரி, நிருபர்கள் எழுதிய புத்தகத்தில் இல்லை, திரைக்கதையில் பிறந்தது. ஆனால் எனக்குப் பிடித்த காட்சியில் வசனமே கிடையாது. இரண்டு நிருபர்கள் காங்கிரஸ் நூலகத்தில் உட்கார்ந்து, புத்தகம் எடுத்தவர்களின் சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் புரட்டுகிறார்கள். கேமரா மெல்ல மேலே ஏறி, வட்டமான வாசிப்பு மண்டபத்தின் நடுவே அவர்கள் இரண்டு புள்ளிகளாகும் வரை போகிறது. அவ்வளவு புரட்டியும் அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. எங்கள் ஊர் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு பழைய பத்திரிகைகளைப் புரட்டி, ஒன்றும் கிடைக்காமல் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு. வரலாற்றுப் படங்களில் வரலாறு எப்படித் தேடப்படுகிறது என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டியதை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

சில படங்களுக்கு இரண்டு கட்டங்கள் போதவில்லை. படம் வந்த பிறகு என்ன ஆயிற்று என்று மூன்றாவதாக ஒன்றையும் போட வேண்டியிருந்தது. கிரிஃபித்தின் 'த பர்த் ஆஃப் எ நேஷன்' 1915-இல் வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தைக் காட்டுவதாகச் சொல்லி, முகமூடிக் கொலைகாரர்களான கு கிளக்ஸ் கிளானை மீட்பர்களாகச் சித்திரித்த அந்தப் படம் வெள்ளை மாளிகையிலேயே திரையிடப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுன்டன் மலையுச்சியில் சிலுவையைக் கொளுத்தி, செத்துப்போயிருந்த அந்த அமைப்பைப் புதிதாகத் தொடங்கினார்கள். ஆலிவர் ஸ்டோனின் 'ஜே.எஃப்.கே.' வந்த 1991-க்கு மறு ஆண்டே கென்னடி கொலை ஆவணங்களைத் திரட்டி வெளியிடுவதற்கான சட்டம் நிறைவேறியது. உண்மையான படச்சுருளையும் தாம் நடிக்கவைத்து எடுத்ததையும் தையல் தெரியாமல் கலந்த படம் அது; வரலாறு கற்க அதைவிட ஆபத்தான படம் குறைவு. ஆனால் ஆவணக் காப்பகத்தின் கதவை அதுதான் தட்டித் திறந்தது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. தனித்தனிப் பக்கம் கொடுத்தேன்.

நோட்டு பாதி நிரம்பிய சமயத்தில், 2023 ஜூலையில், 'ஆப்பன்ஹைமர்' வந்தது. இங்கே திரையரங்கில் கூட்டத்தோடு பார்த்தோம். அணுகுண்டைச் செய்தவரையே சந்தேகித்து, சின்ன அறையில் நாற்காலிகளை நெருக்கிப் போட்டு நடத்திய அந்த விசாரணை 1954 ஏப்ரல் 12 முதல் மே 6 வரை நடந்தது. அதற்கடுத்த மாதம் வீட்டில் 'குட் நைட், அண்ட் குட் லக்' போட்டோம். எல்லாரையும் கம்யூனிஸ்ட் என்று குற்றம்சாட்டிவந்த செனட்டர் மெக்கார்த்தியைத் தொலைக்காட்சியில் எட்வர்ட் மர்ரோ எதிர்கொண்டது 1954 மார்ச் 9. படம் 2005, ஈராக் போரின் நடுவில் எடுக்கப்பட்டது. கறுப்பு வெள்ளையில் எடுத்த அந்தப் படத்தில் மெக்கார்த்தியாக எவரும் நடிக்கவில்லை. பழைய செய்திப்படத்திலிருந்து அவரே வருகிறார். முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களில் சிலர், அந்த நடிகர் மிகையாக நடிக்கிறார் என்று குறைப்பட்டதாக இயக்குநர் கூறியதுண்டு.

"அத்தை, ரெண்டும் ஒரே வருஷம்" என்றாள் தம்பி மகள்.

அன்றிரவே 1954 என்று தலைப்பிட்டு, படம் எதுவும் சாராமல், தனியாக ஒரு பக்கம் ஒதுக்கினோம். எழுத எழுத அது வளர்ந்தது. மார்ச்சில் மர்ரோவின் நிகழ்ச்சி. ஏப்ரல் 7 அன்று குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் செய்தியாளர்களிடம், இந்தோசீனா போனால் வரிசையாக நிறுத்திய டோமினோ கட்டைகளைப்போல மற்ற நாடுகளும் விழும் என்கிறார். ஐந்து நாள் கழித்து ஆப்பன்ஹைமர் விசாரணை தொடங்குகிறது. அது மே 6 அன்று முடிய, மறுநாள் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வியட்நாமியரிடம் வீழ்கிறது. மே 17 அன்று, கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி என்பது அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்பளிக்கிறது. ஜூன் 9 அன்று, இராணுவத்தின் வழக்கறிஞர் வெல்ச், உமக்கு நாகரிகமே இல்லையா என்று மெக்கார்த்தியை எல்லார் முன்னிலையிலும் கேட்கிறார். ஜூன் 29 அன்று அரசு இரகசியங்களை அணுக ஆப்பன்ஹைமருக்கு இருந்த அனுமதி பறிபோகிறது. டிசம்பர் 2 அன்று மெக்கார்த்தியைச் செனட் கண்டிக்கிறது. ஒவ்வொரு படமும் இவற்றில் ஒன்றைத் தனி அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, பக்கத்து அறையில் என்ன சத்தம் என்று கேட்பதே இல்லை. ஒரே காலைப் பத்திரிகையில் அடுத்தடுத்த பத்திகளில் இவற்றைப் படித்த மனிதர்கள் இருந்தார்கள் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

பட்டியலில் ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையே இடம் விட்டிருந்தாள். அதில் அக்டோபர் 18 என்று எழுதினேன்: பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த நாள். அடுத்த வரியில் நவம்பர் 1, பிரெஞ்சுக் கொடி இறங்கிய நாள். தியன் பியன் பூவுக்கும் இதற்கும் ஆறு மாதம்கூட இல்லை. என் பிள்ளைப் பருவத்திலிருந்து கேட்ட இரண்டு கதைகள், ஒன்று பெரியப்பாவின் சைகோன், மற்றது எங்கள் ஊரின் விடுதலை, ஒரே கதையின் இரண்டு நுனிகள் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானும் எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய போரின் செலவில் பெரும்பகுதியைக் கடைசி ஆண்டுகளில் அமெரிக்காதான் ஏற்றுக்கொண்டது. பெரியப்பா இதை வேறு விதமாகச் சொல்வார்: "உத்தரவு பிரான்ஸ்காரனுது, லாரி அமெரிக்காக்காரனுது, நடந்தது நாங்க." அமெரிக்க வியட்நாம் படங்கள் 1960களில்தான் கண் விழிக்கின்றன, அதற்கு முன்பு அங்கே யார் இருந்தார்கள் என்ற கேள்வி அவற்றில் எழுவதே அபூர்வம். 'அப்போகலிப்ஸ் நவ்' படத்தில் ஆற்றங்கரைத் தோட்டத்தில் விடாப்பிடியாகத் தங்கியிருக்கும் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தோடு நாயகன் இரவுணவு உண்ணும் நீண்ட பகுதி எடுக்கப்பட்டது; 1979-இல் வெளியானபோது அதை வெட்டிவிட்டார்கள்; 2001-இல் வந்த விரிவான பதிப்பில்தான் சேர்த்தார்கள். அந்த மேசையில் உட்கார்ந்து பழைய தோல்விகளைக் கசப்போடு எண்ணிச் சொல்பவர்கள் அந்தக் குடும்பத்துப் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுக்காகத் துப்பாக்கி தூக்கிய காலனி நாட்டவர் எவருக்கும் அங்கே நாற்காலி இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கி, பெரியப்பாவின் இராணுவக் கையேட்டைத் தேடி எடுத்தோம். கடற்காற்றின் ஈரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தம்பி மகள் வாழைநாரை உரிப்பதுபோல நிதானமாகப் பிரித்தாள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, எனக்கு அரைகுறை. கடைசி முத்திரையில் ஊர்ப்பெயர் சைகோன் என்று தெளிவாக இருந்தது. நாளும் மாதமும் மை கரைந்து போயிருக்க, ஆண்டின் கடைசி எண்ணாகிய 4 மட்டும் தப்பியிருந்தது. அவள் நோட்டைத் திறந்து புதுப் பக்கத்தில் பெரிய தாத்தா என்று தலைப்பு எழுதினாள். கதை நடக்கும் ஆண்டு என்ற கட்டத்தில் 1954 என்று போட்டாள். படம் எடுக்கப்பட்ட ஆண்டு என்ற கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, ஒரு சிறு கோடு மட்டும் இழுத்தாள்.